பாக்ஸ்-என் வேகன் மாதிரி: கட்டுவதும் கறையேற்றுவதும்

காவேரிப்பட்டினத்து நண்பர் ஒருவர் கேட்டிருப்பது இதுதான். பிளாஸ்டிக் தாளை வெட்டி 1:87 அளவில் பாக்ஸ்-என் என்னும், மேலே திறந்த நிலக்கரி வேகன் ஒன்றைக் கட்டியிருக்கிறார். ரெட் ஆக்சைடு ஸ்பிரே அடித்து, அதன்மேல் கறுப்பும் பழுப்பும் கலந்து பூசியிருக்கிறார். ஓடி உழைத்த வேகன் போல இல்லாமல், சேற்றில் விழுந்து எழுந்த பொம்மை போல இருக்கிறது. வளைவில் தடமும் புரள்கிறது. எங்கே தவறு நடந்தது, நம் பக்கத்துக் கடைகளில் எந்தப் பொருள் கிடைக்கும், இதையே திருத்த முடியுமா என்று கேட்கிறார்.

அவர் அனுப்பிய படங்களைப் பார்த்தேன். வெட்டிய விதத்தில் பெரிய குறை இல்லை. கறுப்பு எல்லா இடத்திலும் ஒரே அளவில் இருக்கிறது என்பதுதான் குறை. உண்மையான வேகனில் அழுக்குக்கு ஒரு காரணம் உண்டு. காரணம் இருப்பதால் அதற்கு ஓர் இடமும் ஒரு திசையும் உண்டு. கரி எந்த வழியாக உள்ளே விழுந்தது, எந்த வழியாகக் கொட்டப்பட்டது, மழைநீர் எங்கே தேங்கி எங்கே வழிந்தது, சக்கரம் எதை எங்கே வாரி அடித்தது என்ற நான்கு கேள்விகளுக்கும் விடை தெரியாமல் தூரிகையை எடுத்தால், எவ்வளவு விலை உயர்ந்த வண்ணமும் சேறாகத்தான் தெரியும். ஆகவே வெதரிங் என்னும் இந்தக் கறையேற்றலைக் கடைசி நாள் வேலையாக நினைக்காமல், தாளை வெட்டும் முன்பே இந்த வேகன் எத்தனை ஆண்டு ஓடியது, எதைச் சுமந்தது என்று முடிவு செய்துகொள்ளுங்கள்.

அதற்கு முதலில் பார்க்க வேண்டும். கிருஷ்ணகிரி நகரத்துக்கு இன்று ரயில் நிலையமே இல்லை என்பது நம் குறை. ஆனால் ஜோலார்பேட்டை–சேலம் பிரதான பாதையில் மொரப்பூர் இருக்கிறது. பிளாட்பாரச் சீட்டு வாங்கிக்கொண்டு, அது செல்லுபடியாகும் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் சரக்கு ரேக்குகள், அதாவது கோத்த வேகன் தொடர்கள், கண்முன்னே போகும். ஓமலூர்–தருமபுரி–ஓசூர் பாதையிலும் பார்க்கலாம், அங்கே கொஞ்சம் பொறுமை வேண்டும். பிளாட்பாரத்திலிருந்து பக்கவாட்டுத் தகடும் போகியும் (சக்கரங்களைத் தாங்கும் அடிச்சட்டம்) மட்டும்தான் தெரியும். கரிக்குவியலின் மேற்பரப்பையும் வேகனின் உட்புறத்தையும் பார்க்கச் சாலை மேம்பாலமோ நடைமேம்பாலமோ வேண்டும். தண்டவாளப் பகுதிக்குள் மட்டும் இறங்காதீர்கள். அத்துமீறி நுழைவது 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147ஆம் பிரிவின்படி குற்றம், அதைவிட முக்கியமாக உயிருக்கு ஆபத்து. நான் பெரும்பாலும் படம் எடுப்பதில்லை. ஒரு நோட்டில் வேகனின் பக்கவாட்டைக் கட்டமாகப் போட்டு, துரு எங்கே, கரி எங்கே, புதுப் பெயின்ட் எங்கே என்று மூன்று நிற பென்சிலால் குறித்துக்கொள்வேன். வேகன் நகர்ந்துகொண்டே இருப்பதால் முக்கியமானது மட்டுமே கண்ணில் தங்கும். அதுவே மாதிரிக்கும் போதுமானது.

இனி அளவு. அகலப்பாதையின் இடைவெளி 1676 மி.மீ.; 1:87இல் அது 19 மி.மீ.க்குச் சற்று அதிகமாக வர வேண்டும். 1:87 மாதிரிகளுக்கு ஹெச்ஓ என்று பெயர்; கடையில் கிடைக்கும் ஹெச்ஓ தண்டவாளமோ 16.5 மி.மீ. ஆகவே நம் வேகன் எப்போதும் கொஞ்சம் ஒடுங்கிய பாதையில் நிற்கும். தண்டவாளத்தையும் தாமே செய்பவர்கள் இதைச் சரிசெய்கிறார்கள். ஒரு வேகனோடு தொடங்குபவர் இதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளத் தேவையில்லை. பாக்ஸ்-என் வேகனின் உடல் நீளம் 9784 மி.மீ., வேகன்களை இணைக்கும் கப்ளிங்கையும் சேர்த்து 10713 மி.மீ.; அகலம் 3200 மி.மீ. இவற்றை 87ஆல் வகுத்தால் உடல் 112.5 மி.மீ., கப்ளிங்குடன் 123 மி.மீ., அகலம் 36.8 மி.மீ. என்று வரும். இந்த வேகனுக்குரிய காஸ்னப் வகைப் போகியில் இரு அச்சுகளுக்கும் இடையே 2 மீட்டர், சக்கர விட்டம் 1 மீட்டர். மாதிரியில் அவை 23 மி.மீ., 11.5 மி.மீ. இந்தப் போகியும் அமெரிக்கச் சரக்குப் போகிகளைப் போல இரண்டு பக்கச் சட்டமும் நடுவில் ஒரு போல்ஸ்டருமாக (குறுக்குத் தாங்கி) மூன்று வார்ப்புகளால் ஆனதுதான். அதனால் பலர் அமெரிக்க ஹெச்ஓ போகியை அப்படியே மாட்டிவிடுகிறார்கள். ஆனால் அதன் அச்சு இடைவெளி சுமார் 20 மி.மீ.தான், பக்கத்திலிருந்து பார்த்தால் வேகன் பெரிய உடம்பும் சிறிய காலுமாகத் தெரியும். நண்பரே, உங்கள் படத்தில் எனக்கு முதலில் உறுத்தியது அதுதான். முப்பரிமாண அச்சில் பக்கச் சட்டங்களை எடுத்து, உலோகச் சக்கரம் போடுவது நல்லது.

உடலுக்கு ஸ்டைரீன் என்னும் பிளாஸ்டிக் தாளே சிறந்தது. கட்டடக்கலை மாணவர்களுக்குப் பொருள் விற்கும் பெங்களூரு கடைகளில் அரை மி.மீ., ஒரு மி.மீ. தடிமன்களில் கிடைக்கும். சன்போர்டு வேண்டாம், அது நுரை, விளிம்பில் கூர்மை நிற்காது. பழைய அடையாள அட்டைகளை வெட்டிச் செய்தவர்களை அறிவேன். அவற்றின் நீளம் 85.6 மி.மீ. என்பதால் பக்கத்தகட்டில் ஓர் ஒட்டு விழும், அதை ஒரு செங்குத்துத் தாங்கியின் பின்னால் மறைக்க வேண்டியிருக்கும். உண்மைத் தகடு சில மி.மீ. தடிமன்தான், அதை 87ஆல் வகுத்தால் காகிதத்தைவிட மெலிதாகிவிடும், அப்படி வெட்ட முடியாது. மேல்விளிம்பில் ஓடும் சட்டத்தைச் சரியான அகலத்தில் ஒட்டிவிட்டால் உள்ளே தகடு எவ்வளவு தடிமன் என்பது கண்ணுக்குத் தெரியாது.

மேலே திறந்த வேகனைக் கட்டுபவர் எல்லோரும் ஒருமுறையாவது ஏமாறும் இடம் ஒன்று உண்டு. இரண்டு தாள்களை முழுப் பரப்பிலும், பிளாஸ்டிக்கை இளக்கி ஒட்டவைக்கும் கரைப்பான் ஊற்றி ஒட்டினால், நடுவில் சிக்கிய கரைப்பான் ஆவியாகி வெளியேற வழியில்லாமல் மாதக்கணக்கில் பிளாஸ்டிக்கைத் தின்றுகொண்டிருக்கும். வேலை முடிந்த அன்று மட்டம் பார்த்தால் நூல் பிடித்ததுபோல நிற்கும்; ஆறு மாதம் கழித்து எடுத்துப் பார்த்தால் பக்கங்கள் இரண்டும் இடுப்பு பிடித்ததுபோல உள்வாங்கியிருக்கும். என் முதல் மூன்று வேகன்களும் அப்படித்தான் போயின. அன்றிலிருந்து ஒற்றைத் தாளிலேயே பக்கத்தை வெட்டுகிறேன். தாங்கிகளை ஒட்டும்போது கரைப்பானைச் சிறு தூரிகையின் நுனியால் தொட்டு மட்டும் வைக்கிறேன். கரிக்குவியலுக்கு அடியில் மறையும் இடத்தில் குறுக்குச் சட்டம் இரண்டு வைத்து, எடை வைக்கும் அறைக்குக் கீழ்ப்பக்கம் ஆவி வெளியேற ஒரு துளையும் போடுகிறேன்.

எடை என்றதும் தடம் புரளும் கேள்விக்கு வருகிறேன். அமெரிக்க மாதிரி ரயில் சங்கமான என்எம்ஆர்ஏ பரிந்துரைக்கும் கணக்கு ஹெச்ஓ அளவுக்கு 28 கிராம் அடிப்படை, அதோடு ஒவ்வோர் அங்குல நீளத்துக்கும் 14 கிராம். நம் வேகனுக்கு அது ஏறக்குறைய 95 கிராம் வரும். வெறும் பிளாஸ்டிக் உடல் அதில் பாதிகூட இருக்காது. டயர் கடையில் சக்கரச் சமன் பார்க்க ஒட்டும் சிறு எடைக் கட்டிகள் இதற்கென்றே செய்ததுபோலப் பொருந்தும். பின்பக்கம் பசையும் இருக்கும். காந்தத்தால் கழற்றும் கப்ளிங் வைத்திருப்பவர்கள் இரும்பு எடையைத் தவிர்த்து ஈயம் வைப்பது நல்லது, இல்லாவிட்டால் காந்தத்தின்மேல் வேகன் தயங்கி நிற்கும். நம் பாக்ஸ்-என் வேகனில் இருப்பது நடுவே முட்டி போல மடங்கிப் பிடிக்கும் கப்ளிங்தான். கேடி நிறுவனத்தின் கப்ளிங் அதற்குத் தோற்றத்திலும் மிக நெருக்கமானது.

ஆனால் எடை மட்டுமே காரணம் என்று நினைக்காதீர்கள். உங்கள் படத்தில் இரண்டு போகித் திருகுகளும் இறுக முறுக்கப்பட்டிருக்கின்றன. ஒரு போகி இடவலமாகத் திரும்ப மட்டும் வேண்டும், பக்கவாட்டில் ஆடக் கூடாது. மற்றொன்று திரும்பவும் வேண்டும், சற்றே சாயவும் வேண்டும். மூன்று கால் முக்காலி மேடுபள்ளத் தரையிலும் ஆடாமல் நிற்பது இதே கணக்கில்தான். ஒரு திருகைக் கால் சுற்றுத் தளர்த்திப் பாருங்கள். அப்படியும் தடம் புரண்டால் சக்கரங்களின் உட்புற இடைவெளியை அளந்து பாருங்கள், 14.4 மி.மீ. அளவில் இருக்க வேண்டும்.

பெயின்டுக்குப் போகலாம். கடை ரெட் ஆக்சைடு வேகனின் நிறத்துக்கு அருகில் இருப்பதாகத் தோன்றும், ஆனால் மாதிரிக்கு அது மிக அழுத்தமானது. வெட்டவெளியில் ஐம்பது மீட்டர் தள்ளி நின்று பார்க்கும் நிறமும், அறை விளக்கில் கையெட்டும் தூரத்தில் பார்க்கும் நிறமும் ஒன்றல்ல. அடிப்படை நிறத்தில் சிறிது வெளிர் சந்தன நிறத்தைக் கலந்து ஒரு படி வெளுக்கச் செய்தால்தான் கண் நம்பும். வெள்ளையைக் கலக்காதீர்கள், இளஞ்சிவப்பாகிவிடும்.

எழுத்துகளை நீரில் நழுவும் டெக்காலாக (ஒட்டுப்படம்) ஒட்டுவதானால் அதற்கு முன் பளபளப்பு வார்னிஷ் அவசியம். சொரசொரப்பான பரப்பில் டெக்காலுக்கு அடியில் காற்று சிக்கி வெள்ளி போல மினுங்கும். வீட்டு அச்சுப்பொறியில் வெள்ளை மை இல்லை என்பதால், வெள்ளை டெக்கால் தாளில் வேகன் நிறத்தையே பின்னணியாக அச்சிட்டு எழுத்தை வெறுமையாக விடுவதுதான் எளிய வழி. எண் எழுதும்போது கவனம் வேண்டும். நம் வேகன் எண்ணுக்குப் பதினொரு இலக்கம்: முதல் இரண்டு வேகன் வகை, அடுத்த இரண்டு உரிமையுள்ள ரயில்வே, அடுத்த இரண்டு கட்டிய ஆண்டு, பிறகு நான்கு இலக்கத் தனி எண், கடைசியில் ஒரு சரிபார்ப்பு இலக்கம். கணக்குக்காக மட்டும் 22 12 08 4371 என்று வைத்துக்கொள்வோம். இரட்டை இடங்களில் இருப்பவை 2, 2, 8, 3, 1. கூட்டினால் 16, அதை மூன்றால் பெருக்க 48. ஒற்றை இடங்களில் இருப்பவை 2, 1, 0, 4, 7, கூட்டினால் 14. இரண்டும் சேர்ந்து 62. அடுத்த பத்தின் மடங்கான 70க்கு இன்னும் 8 வேண்டும். அந்த 8தான் கடைசி இலக்கம். யாரும் கூட்டிப் பார்க்கப் போவதில்லை. ஆனாலும் ஆண்டைக் குறிக்கும் இலக்கம் உங்கள் வெதரிங்கோடு ஒத்துப்போக வேண்டும். இரண்டாண்டு வயதுள்ள எண்ணை எழுதிவிட்டு இருபதாண்டுத் துருவைப் பூசினால் விவரம் தெரிந்தவர் சிரிப்பார்.

எழுத்து காய்ந்து, மங்கல் வார்னிஷ் மூடிய பிறகே வெதரிங். இந்த மங்கல் வார்னிஷில் நான் பட்ட அனுபவம் ஒன்று. ஒரு நவம்பர் மாலை, வெளியே தூறிக்கொண்டிருக்கும்போது, தாழ்வாரத்தில் நின்று லாக்கர் வகை ஸ்பிரேயை அடித்தேன். பத்து நிமிடத்தில் வேகன் முழுவதும் பால் தெளித்ததுபோல வெளுத்துப்போனது. கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிந்துவிடுகிறது. வெயில் வந்த ஒரு நாளில் பளபளப்பு வார்னிஷை மெல்லிய பூச்சாக அடித்ததும் பெரும்பகுதி தெளிந்தது. தருமபுரியின் வறண்ட காற்று ஆண்டில் பல மாதம் நமக்குச் சாதகம். ஐப்பசி, கார்த்திகை மட்டும் கத்தி வேலை, ஒட்டு வேலையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

நிலக்கரி வேகன் என்றதும் உள்ளே கறுப்பு பூசுவதுதான் எல்லோரும் செய்வது. மேம்பாலத்திலிருந்து காலி ரேக் ஒன்றைப் பாருங்கள்: உட்புறம் பெரும்பாலும் துருநிறம். கரி விழும்போதும் கொட்டும்போதும் பெயின்டை உராய்ந்து எடுத்துவிடுகிறது. வெறும் இரும்பு ஓரிரு மழையில் செம்பழுப்பாகிறது. கறுப்பு தங்குவது தரையின் மூலைகளிலும் தாங்கிகளின் ஓரங்களிலும் மட்டுமே. ஆகவே உள்ளே இரண்டு மூன்று துருநிறங்களைச் சிறு பஞ்சுத் துண்டால் ஒற்றி ஒற்றி வைத்து, மூலைகளுக்கு மட்டும் கரித்தூள் போடுங்கள். இஸ்திரி வண்டிக்காரரிடம் கேட்டால் அடுப்புக்கரித் தூள் ஒரு பொட்டலம் சும்மாவே தருவார். பழைய வேட்டித் துணியில் இரண்டு முறை சலித்தால் அருமையான தூள். ஆனால் அதையே கரிச்சுமையாகக் கொட்டாதீர்கள். விறகுக்கரிக்கு நிலக்கரியின் மினுக்கு கிடையாது. சுமைக்கு உண்மையான நிலக்கரித் துண்டு ஒன்றை உடைத்துச் சலிப்பதே சரி.

வெளிப்பக்கத்தில் மேல்விளிம்புச் சட்டத்தின்மேல் கரித்தூள் உட்கார்ந்திருக்கும், மழையில் அது தாங்கிகளின் ஓரமாக வழியும். கீழ்விளிம்பில் கதை வேறு. ஈரக்கரி தரையில் நாள்கணக்கில் கிடப்பதால் கதவு இடுக்குகள் வழியாகத் துருநீர் கசிந்து, கதவுக்குக் கீழே செம்பழுப்புக் கோடுகள் விழுந்திருக்கும். இதற்குப் பள்ளிக்கூடக் கடைகளில் கிடைக்கும் கேமல் ஆயில் கலரே போதும். பர்ன்ட் சியன்னா, பர்ன்ட் அம்பர், கறுப்பு ஆகிய மூன்று குழாய்கள். கதவின் அடியில் ஊசிமுனை அளவு ஒரு புள்ளி வையுங்கள். பத்து நிமிடம் கழித்து, டர்பன்டைனில் நனைத்துத் துணியில் ஒற்றியெடுத்த தட்டைத் தூரிகையால் மேலிருந்து கீழாக ஒரே ஓர் இழுப்பு. தூரிகையைத் துடைத்துவிட்டு அடுத்த புள்ளி. பக்கவாட்டில் ஓர் இழுப்புகூடக் கூடாது, மழை கிடைமட்டமாக வழிவதில்லை. அடியில் இருப்பது அக்ரிலிக் வண்ணமாக இருந்தால் டர்பன்டைன் அதைக் கரைக்காது; பிடிக்காவிட்டால் துடைத்துவிட்டு மறுபடி செய்யலாம். எண்ணெய் வண்ணத்தை நான் விரும்புவதற்கு அதுவே காரணம்.

இறக்கும் முறையும் உடலில் தெரியும். டிப்ளர் என்னும் இயந்திரத்தால் அப்படியே கவிழ்க்கப்படும் வேகனின் மேல்சட்டம் பிடிகள் அழுத்தும் இடங்களில் தேய்ந்திருக்கும்; பொக்லைன் கையால் வாரப்படும் வேகனில் தாங்கிகளுக்கு இடையே தகடு வெளியே புடைத்திருக்கும். இதைப் பெயின்டுக்கு முன்பே செய்ய வேண்டும்: தாளின் உட்பக்கத்தைக் கத்தியால் சுரண்டி மெலிதாக்கி, வெந்நீரில் காட்டி, கரண்டிக் காம்பின் உருண்டை முனையால் உள்ளிருந்து அழுத்துங்கள். ஒரு பக்கத்துக்கு இரண்டு புடைப்பு போதும்.

போகியில் கறுப்பு எண்ணெய்க் கசிவு வரைந்திருக்கிறீர்கள். அது பழைய நான்கு சக்கர வேகன்களின் அச்சுப்பெட்டிக்கு உரியது. காஸ்னப் போகியில் இருப்பவை மூடிய ரோலர் பேரிங்குகள், அங்கே எண்ணெய் வழிய இடமில்லை. போகிக்கு வேண்டியது பிரேக் கட்டையும் சக்கரமும் தேய்ந்து படியும் உலர்ந்த பழுப்புத் தூள். அதே தூளைச் சக்கரம் வாரி வேகனின் முன்பின் தகடுகளின் கீழ்ப்பாதியிலும் அடிக்கும். நம் செம்மண்ணையே சலித்துக் கொஞ்சம் கரித்தூள் கலந்து பயன்படுத்தலாம். ஆனால் காகிதத்தில் பரப்பி, மேலே காந்தத்தை ஓட்டி இரும்புத் துகளை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அது எஞ்சின் மோட்டாருக்குள் போய்ச் சேரும். சக்கரத்தின் முகம் துருநிறம். தண்டவாளத்தைத் தொடும் பரப்பு மட்டும் பளிச்சென்ற எஃகு.

பராமரிப்பு முடிந்த தேதியை எழுதும் இடமும் கவனிக்கத்தக்கது. முழுப் பராமரிப்பு சில ஆண்டுகளுக்கு ஒருமுறைதான், ஆகவே வெளுத்த வேகனில் அந்தச் சிறு கட்டமும் அதன் வெள்ளை எழுத்தும் மட்டும் புதிதாகத் தெரியும். வெதரிங் முடிந்த பிறகு அதை வரைந்தால் ஒரே நொடியில் வேகனுக்கு வயது வந்துவிடும்.

பிசிஎன் எனப்படும் மூடிய சரக்கு வேகன்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சிமென்ட் ஏற்றியதற்குக் கதவைச் சுற்றியும் அதன் கீழும் சாம்பல் படலம், மழையில் இறுகிய திட்டுகள். உரம் ஏற்றியதற்குக் கதவடியில் பெயின்ட் செதில் செதிலாக உரிந்த ஆழ்ந்த துரு. உண்மையான சிமென்டைத் தூவாதீர்கள், ஈரம் பட்டால் இறுகும். கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கிரானைட் பட்டறைத் தூள் நிறத்தில் அச்சாகப் பொருந்தும், ஆனால் அந்தத் தூள் நுரையீரலுக்குக் கேடு. சாம்பல்நிறச் சாக்பீஸைத் தேய்த்த பொடியே போதும்.

நம் மண்ணுக்கே உரிய ஒன்றைச் செய்ய ஆசை இருந்தால், 1906இல் மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு வந்து, பிறகு ஓசூர் வரை நீண்டு, 1941இல் மூடப்பட்ட 762 மி.மீ. குறும்பாதை இருக்கிறது. 1:87இல் அது 8.8 மி.மீ.; கடையில் கிடைக்கும் 9 மி.மீ. தண்டவாளம் கிட்டத்தட்ட அப்படியே பொருந்தும். அகலப்பாதைக்கு வாய்க்காத அதிர்ஷ்டம் அது.

இப்போது உங்கள் கையிலிருக்கும் வேகன். தூக்கிப் போட வேண்டாம். மேலே பூசியது எனாமலாக இருந்தால் டர்பன்டைன் தொட்ட பஞ்சுக் குச்சியால், அக்ரிலிக்காக இருந்தால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால், மேலிருந்து கீழாக மட்டும் துடையுங்கள். பெயின்ட் தின்னரைத் தொடாதீர்கள், பிளாஸ்டிக்கே கரையும். தாங்கிகளின் ஓரத்தில் கறுப்பு தங்கிவிடும். தங்கட்டும், அது இருக்க வேண்டிய இடம்தான். தட்டையான பரப்பில் ஆக்சைடு நிறம் வெளியே வந்ததும் சந்தன நிறம் கலந்த மெல்லிய பூச்சு ஒன்று, கதவுகளுக்குக் கீழே துருக்கோடு, உள்ளே கரிச்சுமை. போகி மட்டும் மாற்ற வேண்டியிருக்கும். ஐம்பத்தெட்டு வேகன் கொண்ட முழு ரேக் இந்த அளவில் ஏழு மீட்டர் நீளும், நம் வீட்டுக் கூடத்தில் அடங்காது. பத்து வேகன் என்றால் ஒன்றேகால் மீட்டர்தான். அடுத்த ஒன்பதையும் வெவ்வேறு வயதில் கட்டி, இதை ஆறாவதாகக் கோத்துவிடுங்கள்.